இரண்டாம் ஆள்

பூனையின் வலியை மனிதர் உடம்பில் காட்டும் வலிப்பட்டை வந்த பிறகு தூத்துக்குடியில் பூனை வளர்க்கிறவர்களின் பேச்சே மாறிப்போயிற்று. முன்பெல்லாம் "எங்க பூனை ரெண்டு நாளா சாப்பிடல" என்பார்கள். இப்போது தங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு இங்கன குத்துது" என்று சொன்னார்கள். யாருக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து யாருக்கு எவ்வளவு பாசம் என்று அளக்கும் பழக்கம் பூனை ஆஸ்பத்திரியின் வாசல் பெஞ்சிலேயே ஆரம்பித்துவிட்டது. அங்கே போய் "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் மானம் கப்பலேறிவிடும்.

தங்கப்பழத்துக்கு வலி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் அதை வாயைத் திறந்து சொல்லவில்லை. கதை அவ்வளவுதான், மீதியெல்லாம் அதன் விளைவு.

துறைமுகத்தில் வாழ்நாளெல்லாம் கிரேன் ஓட்டியவர் அவர். கிரேன்கள் ஆள் இல்லாமல் தாமே ஓடக் கற்றுக்கொண்டதும் அவருக்கு ஒரு மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மகன் ஓசூரில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் முகம் காட்டுவான். மற்றபடி மில்லர்புரத்து வீட்டில் அவரும் மனைவி ஜெயக்கொடியும் இரண்டு பூனைகளும்தான். பவுனு மஞ்சள் வரி போட்ட பெண். கடுகு அதன் கறுப்புத் தம்பி. கிரேனுக்கு அடியில் சுருட்டிப் போட்டிருந்த கயிற்றுக்குள் கண் திறக்காமல் கிடந்த இரண்டையும் அவர்தான் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று ஜெயக்கொடி சொல்வாள். பாதி கேலி, பாதி நிஜம்.

பூனைக்கு வயதாவது முதலில் கண்ணுக்குத் தெரியாது. பீரோ மேல் ஒரே தாவில் ஏறுகிற பவுனு ஒருநாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, எனக்கு ஏறுகிற எண்ணமே இல்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தங்கப்பழம் ஒரு ஸ்டூலை இழுத்துப் பீரோவின் பக்கத்தில் போட்டார். கொஞ்ச நாளில் ஸ்டூலுக்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. அப்புறம் பீரோவே தேவைப்படவில்லை. ஜன்னல் கட்டையில் காலை வெயில் விழும் இடம் போதுமென்று ஆகிவிட்டது. தண்ணீர் குடிப்பது கூடியது. சாப்பாடு குறைந்தது. மண் தட்டை எட்ட முடியாமல் அவருடைய வேட்டியிலேயே காரியத்தை முடித்துவிட்டு, குற்றவாளியைப் போலக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்ட அன்று ஜெயக்கொடி உட்கார்ந்து அழுதாள்.

டாக்டர் மெர்லின் சின்ன வயசுப் பெண். நல்ல பெண் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கிட்னி சுருங்கிட்டு வருது அங்கிள். வயசான பூனைங்களுக்குப் பெரும்பாலும் இதுதான். சரி பண்ண முடியாது, இழுத்துப்பிடிக்கலாம்" என்றாள். வாரத்துக்கு இரண்டு தடவை தோலுக்கடியில் சலைன் ஏற்றச் சொல்லிக்கொடுத்தாள். தங்கப்பழம் சலைன் பையைத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட, ஜெயக்கொடி பவுனுவைப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, பிடரித் தோலைத் தூக்கி ஊசியைச் செருகுவது அவர் வேலை. ஊசி குத்தும்போது முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொள்வது ஜெயக்கொடி. நேராகப் பார்த்துக் குத்துகிறவர் இவர். அதையும் அவள் குறித்துவைத்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு மனசே கெடையாதுங்க. எப்படிக் குத்துதிய, கோணி ஊசி குத்துத மாதிரி."

"குத்தலைன்னா அவளுக்குச் சலைன் எப்படிளா ஏறும்?"

"அதான் சொல்லுதேன். பதிலும் ரெடியா வச்சிருக்கிய."

மனசு கிடையாது என்ற பட்டம் அவருக்குப் புதிதில்லை. தன் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த மத்தியானம் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டவர் என்று அவள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு. அன்று பசித்தது, சாப்பிட்டார். துக்கம் தனியாக இருந்தது, பசி தனியாக இருந்தது. இதை எப்படி ஒருவருக்கு விளக்குவது என்று தெரியாமல் பேசாமல் இருந்து பழகியவர்.

வலிப்பட்டையைப் பற்றி முதலில் சொன்னது மெர்லின்தான். கம்பெனி அதற்கு வேறு ஏதோ அழகான பெயர் வைத்திருந்தது. ஊர் அதை வலிப்பட்டை என்றுதான் சொன்னது. அரிசி மாதிரி ஒரு விதையைப் பூனையின் பிடரியில் வைத்துவிடுவார்கள். பட்டையை மனிதர் கையில் கட்டிக்கொள்ள வேண்டும்.

"பூனைங்க வலியக் காட்டாது ஆன்ட்டி. காட்டுல இருந்த காலத்துப் பழக்கம். சாகுற வரைக்கும் மறைக்கும். அதுக்குத்தான் இது. அது உடம்புல என்ன நடக்குதோ அத விதை வாங்கிப் பட்டைக்கு அனுப்பும், பட்டை ஒங்க நரம்புல தட்டிவிடும். அப்படியே முழுசா வராது, பத்துல ஒரு பங்குதான்."

"எவ்வளவு வலிக்குன்னு அதுல நம்பர் வருமா?" என்று கேட்டார் தங்கப்பழம்.

"வராது அங்கிள். அது வலியா, கூச்சமா, பசியான்னு சொல்லுறது ஒங்க மூளைதான். மிஷினால அளக்க முடிஞ்சா ஒங்களயெல்லாம் எதுக்குக் கட்டச் சொல்லப்போறோம்? ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கட்டுங்க. பின்னால ஊசி போட்டு ஒரேயடியா அனுப்புற முடிவுக்கு வந்தா, ஒரு வீட்டுல ரெண்டு பேரு தனித்தனியா வலின்னு சொல்லணும். சட்டம் அப்படி. ஒருத்தர் சொன்னத மட்டும் நம்பி அனுப்புனதுல நெறைய அநியாயம் நடந்துபோச்சு."

கிளம்பும்போது ஜெயக்கொடி ஒரு கேள்வி கேட்டாள். "கழட்டி வச்ச பெறவும் வலி இருக்குமா டாக்டரம்மா?"

"கொஞ்ச நேரம் இருக்கும். நரம்பு பழகிட்டா சில பேருக்கு நாள் பூரா இருக்கும். அதுக்கெல்லாம் பயப்படக் கூடாது" என்றாள் மெர்லின். அவள் படித்ததைச் சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லை.

ஜெயக்கொடிக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மேல்வயிற்றை அழுத்திப் பிடித்தாள். வயிற்றிலிருந்து முதுகுக்கு ஆணி இறங்குகிற மாதிரி இருக்கிறதென்றாள். கண்ணில் தண்ணீர். ஆனால் அந்த முகத்தில் ஒரு வெற்றியும் இருந்ததைத் தங்கப்பழம் பார்த்தார். "பாத்தியளா, இத்தன நாளா எப்படி மறைச்சிருக்கா பாத்தியளா" என்று பவுனுவைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். போனில் கேட்டதற்கு மெர்லினும், "முதுகுப் பக்கமா? கிட்னி அங்கதான ஆன்ட்டி இருக்கு" என்றாள். எல்லாம் பொருந்திவிட்டது.

பிறகு இவர் முறை வந்தது.

காலையில் கட்டிக்கொண்டு பேப்பரோடு உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பிடரியில் மெல்ல ஒரு சூடு தொட்டது. அது முதுகுவழியாக இறங்கிப் பரவியது. தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தன. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறிக்குழம்போடு வயிறு நிறையச் சாப்பிட்டு, பாயில் சாய்கிற நேரத்தில் உடம்பு இருக்குமே, அப்படி இருந்தது. கை காலில் ஒரு சோம்பல் இருந்தது, யாரும் எழுப்பாத சோம்பல். நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் கட்டையில் பவுனு வெயிலில் கிடந்தது. எலும்பும் தோலுமாகத்தான் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு சுகத்தை உடம்புக்குள் வைத்துக்கொண்டா இந்தக் கழுதை இப்படி மூஞ்சியைத் தூக்கிவைத்திருக்கிறது என்று நினைத்தார். ஜெயக்கொடியைக் கூப்பிட வாயெடுத்தார்.

அவளே அடுக்களையிலிருந்து வந்தாள், வயிற்றைப் பிடித்தபடி. "வந்துட்டா? வலிக்கா?" அவள் முகத்தில் அப்படி ஓர் எதிர்பார்ப்பு. இத்தனை வருஷத்தில் கடைசியாக ஒரு தடவையாவது இந்த மனுஷன் நம்மோடு சேர்ந்து அழுவானா என்கிற எதிர்பார்ப்பு. "ஏன் பேசாம இருக்கிய? ரொம்பவா?"

"ஆமா" என்றார் தங்கப்பழம்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமான புதிதில் சாய்ந்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

பயந்துபோய்ச் சொன்ன பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவருக்கே அவர்மேல் நம்பிக்கை இல்லை. சர்க்கரை வந்து கால்விரல்கள் மரத்துப்போனவர். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்துபோயிருக்கிறார். நம் நரம்பு செத்துப்போயிருக்கும், வலியைக்கூடச் சூடு என்று படிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதோடு அவருடைய வேலைப் பழக்கம் ஒன்று இருந்தது. கிரேனில் மேலே கூண்டுக்குள் இருக்கிறவனுக்குக் கீழே சுமை எங்கே தொங்குகிறது என்று சரியாகத் தெரியாது. கீழே நிற்கிறவன் கையைக் காட்டுவான். தன் கண் ஒன்று சொல்ல, அவன் கை வேறொன்று சொன்னால், கையைத்தான் நம்ப வேண்டும். அப்படி நம்பித்தான் அவர் ஒரு உயிருக்கும் சேதமில்லாமல் வேலையை முடித்து வந்தார். பவுனுவுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் ஜெயக்கொடி. அவள் கையைக் காட்டிவிட்டாள். இதற்குமேல் இவர் யார், மேலே உட்கார்ந்துகொண்டு இல்லை என்று சொல்ல?

அப்படியே மாதங்கள் ஓடின. ஜெயக்கொடிக்கு வலி கூடிக்கொண்டே போனது. பட்டை இவர் கையில் இருக்கும் நாள்களிலும் அவளுக்கு வலித்தது. நரம்பு பழகிவிட்டது என்றாள். பவுனு சாப்பிடாததால் தனக்கும் இறங்கவில்லை என்றாள். ஜாக்கெட் தொளதொளத்துத் தோளிலிருந்து நழுவியது. எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா, "ஒரு வாயில்லா ஜீவனுக்காக இப்படி உருகுறவளை நான் பாத்ததேயில்ல" என்று தெருவெல்லாம் சொன்னாள். பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? தங்கப்பழம் ஒரு தடவை, "ஏளா, நாமளும் ஒரு டாக்டர்ட்ட காமிச்சிருவமா?" என்றார்.

"எனக்கு என்ன நோயா? அவளுக்கு வலிக்கி. அவள எங்கிட்டருந்து பிரிச்சாத்தான் ஒங்களுக்கு நிம்மதி" என்றாள்.

அவருடைய முறை வரும் நாள்களை அவர் ரகசியமாக எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தார். பட்டையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்வார். சூடு வரும். கடுகு வந்து அக்காவின் காதை நக்கினால் இவர் காதுமடல் ஈரமாகும். ஓய்வு பெற்ற பிறகு அப்படியொரு அமைதி அவருக்கு எங்கும் கிடைத்ததில்லை. அடுத்த அறையில் மனைவி சுருண்டு படுத்திருக்க, அதை அனுபவிக்கிற தன்னை மனித ஜென்மத்தில் சேர்க்க முடியாது என்றே அவர் நினைத்தார். மனசு கிடையாது என்று அவள் சொன்னது சரிதான் என்ற முடிவுக்கும் வந்துவிட்டார்.

ஆனி மாதக் காற்று அடிக்கத் தொடங்கியபோது ஜெயக்கொடி ஒருநாள் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் போனாள். "போதுங்க. அவள இப்படி வச்சிக் கொல்லக் கூடாது. அனுப்பிருவோம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே காதைப் பொத்திக்கொண்டாள்.

பூனை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சட்டப்படி தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். ஜெயக்கொடி முதலில் உள்ளே போய்விட்டு வந்தாள். பிறகு இவர். மெர்லின் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அங்கிள், நீங்க ரெண்டாவது ஆளு. நீங்க இல்லன்னு சொன்னா நான் செய்ய மாட்டேன். ஆன்ட்டி என்ன சொன்னாங்கன்னு நெனைக்காதீங்க. ஒங்களுக்கு என்ன தெரியுது?"

அறைக்கதவின் மேல்பாதி கண்ணாடி. அதன் வழியாக வெளியே பெஞ்ச் தெரிந்தது. ஜெயக்கொடி மடியில் கூடையை வைத்துக்கொண்டு, அதன் மேல் நெற்றி படும்படி குனிந்திருந்தாள். வலி வந்துவிட்டது என்று அந்த முதுகைப் பார்த்தே சொல்லலாம்.

"சூடா ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"எரிச்சலா இருக்கா?"

இதுதான் இடம். கூடைக்குள் கிடந்த பவுனுவின் உயிர் முழுக்க அந்த நொடியில் அவர் நாக்கில் இருந்தது. இல்லை தாயி, சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பவுனு வீட்டுக்கு வந்துவிடும். ஜன்னல் கட்டைக்குப் போய்விடும். ஆனால் அந்தப் பெஞ்சில் குனிந்திருக்கிறவள் இன்னும் எத்தனை மாதம் இப்படிக் குனிந்திருப்பாள்? பவுனு போனால் இவள் வலி நின்றுவிடும். பூனையா, பெண்டாட்டியா என்று யாராவது கேட்டால் எந்த மனுஷன் யோசிப்பான்?

"ஆமா டாக்டர். வலிதான். தாங்க முடியல" என்றார் தங்கப்பழம். மெர்லின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி நேரத்தில் பவுனு தனியாகப் போகக் கூடாது, யாராவது பட்டை கட்டியிருக்க வேண்டும் என்று ஜெயக்கொடி பிடிவாதம் பிடித்தாள். அவள் இருந்த நிலையில் மெர்லின் அவளை விடவில்லை. அதனால் இவர் கட்டிக்கொண்டார். இரும்பு மேஜையின் குளிர்ச்சி அவர் வயிற்றில் பட்டது. ஒரு சின்னப் பயம் வந்தது. பிறகு தலையில் ஒரு கை. நெற்றியிலிருந்து பிடரிவரை, திரும்பத் திரும்ப. ஜெயக்கொடி பவுனுவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் தலையில் அது பட்டது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்தக் கையில் அவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பயம் போய்விட்டது. பழைய சூடு நிரம்பி வந்தது. ஊசி இறங்கிய கொஞ்ச நேரத்தில் அது நின்றது. கையில் வெறும் ரப்பர் பட்டை இருந்தது.

தங்கப்பழம் அழுதார். வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதார். ஜெயக்கொடி அவரைப் பார்த்து, "ஒங்களத் தப்பா நெனச்சிட்டேங்க" என்றாள்.

பவுனுவைப் புதைத்துவிட்டு வந்த சாயங்காலம் ஜெயக்கொடிக்கு வலித்தது. மறுநாள் வலித்தது. மெர்லினைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஞாபக வலி ஆன்ட்டி. ரெண்டு மூணு நாள்ல போயிரும்" என்றாள். வாரம் ஒன்று போனது. வலி போகவில்லை. பட்டை மேஜை டிராயருக்குள் கிடந்தது. விதை பவுனுவோடு மண்ணுக்குள் போய்விட்டது.

கடுகு வீடு முழுக்கத் தேடியது. ஜன்னல் கட்டைக்குத் தாவ முடியாமல் கீழே நின்று கத்தியது. அதற்கும் அதே வயதுதானே. தங்கப்பழம் தூக்கி உட்காரவைத்தால் கொஞ்ச நேரம் அந்த இடத்தை மோந்து பார்த்துவிட்டு இறங்கிவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஏனென்றால் அவருக்குப் புரிந்துவிட்டது. முதல் நாளே புரிந்துவிட்டது. பூனை போன பிறகும் வலிக்கிறதென்றால் அந்த வலி பூனையுடையது இல்லை. அவர் நரம்பு சாகவில்லை. அவர் கையில் வந்தது எல்லாம் உண்மை.

ஆனால் ஜெயக்கொடியோ சந்தோஷமாக இருந்தாள். சந்தோஷம் என்பது பெரிய வார்த்தை; ஒரு மாதிரி நிறைவாக இருந்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டே, "அவ போவலங்க. எங்கிட்டத்தான் இருக்கா" என்றாள். ஸ்டெல்லா அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"டாக்டர்ட்ட போவோம்ளா" என்று கெஞ்சினார்.

"எதுக்கு? மாத்திரை குடுத்து இதையும் இல்லாம ஆக்கவா? அவ இருந்ததுக்கு அடையாளமா எனக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு."

மேலே பேசினால் முழுவதையும் பேச வேண்டும். உன் பூனைக்கு வலிக்கவே இல்லை, நான் சொன்ன பொய்யில் அதைக் கொன்றோம் என்று சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு மாதத்துக்குமேல் தள்ளினார். அந்த ஒரு மாதத்துக்கு எந்தச் சமாதானமும் அவரிடம் இல்லை.

ஒரு மத்தியானம் கடுகுக்குச் சாளை மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள் ஜெயக்கொடி. வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஓடியிருந்தது. தங்கப்பழம் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஏளா. எனக்கு ஒரு நாளும் வலிக்கல."

அவள் முள் எடுப்பதை நிறுத்தவில்லை. "என்ன சொல்லுதிய?"

"பட்டை கட்டுனப்ப. எனக்கு வலி வந்ததேயில்ல. நீ கேட்ட, ஆமான்னு சொல்லிட்டேன். டாக்டரம்மாட்டயும் அப்படித்தான் சொன்னேன். அவ போனா ஒனக்கு வலி நிக்கும்னு நெனச்சேன். இது ஒன் வலிளா. மொதல்லருந்தே ஒன் வலிதான். வா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். அவர் அவளுடைய உடம்பைப் பற்றிச் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"அப்ப அவளுக்கு வலிக்கவேயில்லயா?"

"இல்ல."

"நல்லாத்தான் இருந்தாளா?"

"நல்லாத்தான் இருந்தா."

ஜெயக்கொடி கத்தவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. "என்ன ஏமாத்துனதப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அவளக் கொன்னுட்டிய. என் கையாலயே கொண்டுபோய்க் குடுக்க வச்சிட்டிய" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எங்கே கூட்டிப்போனாலும் வந்தாள், ஊசி போட்டால் கையை நீட்டினாள். கணையத்தில் புற்று என்றார் டாக்டர். கல்லீரலுக்கும் போய்விட்டது, அறுக்க முடியாது என்றார். "வலி எப்பருந்து? இத்தன மாசமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று அவர் அதட்டினார். எந்த டாக்டரிடம் இதைச் சொல்ல முடியும்? மகன் ஓசூரிலிருந்து வந்து நின்று, அப்பாவைப் பார்த்து, "நீங்க பக்கத்துலயே இருந்தீங்களேப்பா" என்றான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டார்கள். கடுகை அவள் காலடியில் விட்டால் அங்கேயே கிடந்தது. தங்கப்பழம் கஞ்சி ஊட்டினால் குடித்தாள், மாத்திரை கொடுத்தால் விழுங்கினாள், ஒரு சொல் பேசவில்லை. மெர்லின் பார்க்க வந்தாள். சங்கதி அவளுக்கும் தெரிந்துவிட்டிருந்தது. வாசலிலேயே நின்று அழுதுவிட்டு உள்ளே வராமல் போய்விட்டாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. கேட்க வேண்டியதை அவள் கேட்டாள், சொல்ல வேண்டியவர்தான் சொல்லவில்லை.

வாய் வறண்டு, பேச்சே ஒரு வேலையாகிவிட்ட நிலையில், ஒரு காலை ஜெயக்கொடி அவரைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவருக்கு முதலில் புரியவில்லை.

"பட்டை கட்டுனப்ப. வலி வரலன்னிய. அப்ப என்ன வந்துச்சு? மறைக்காமச் சொல்லுங்க."

தங்கப்பழம் சொன்னார். பிடரியில் தொடங்கும் சூட்டைச் சொன்னார். அது முதுகுவழியாக இறங்குவதைச் சொன்னார். எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பைச் சொன்னார். கடுகு காதை நக்கினால் ஈரம் படுவதைச் சொன்னார். மேஜையில் கிடந்தபோது அவள் கை தலையில் பட்டதை, அதில் பயம் போனதைச் சொன்னார். அவருக்குப் பேச்சு வசப்படாது. ஆனாலும் ஒன்றையும் விடாமல் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

முடித்துவிட்டு அவர், ஏதாவது கேட்டுவிடுவாளோ, மன்னிப்பாளோ, திட்டுவாளோ என்று காத்திருந்தார். எதுவாக இருந்தாலும் அவருக்குச் சரிதான்.

"அத்தன மாசம் கட்டியிருந்தேன்" என்றாள் ஜெயக்கொடி. "எனக்கு ஒரு நாளும் அது வரலியே."